தீவிர சிகிச்சையும் சர்க்கரையின் அளவும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



திங்கள்தோறும் கூடும் இவ்வவையில் இலக்கியம் பற்றியோ இலக்கணம் பற்றியோ பேசுமாறு எம்மைப் பணிப்பதே வழக்கம். இம்முறை செயலாளர் அவர்கள், நம் மக்களுக்கு இன்று வேண்டுவது உடல்நலம் பற்றிய பேச்சே என்று கூறினார். யாம் மருத்துவர் அல்லோம். தமிழ் கற்பிக்கும் ஆசிரியராவோம். ஆயினும், கற்றறிந்த மருத்துவர்கள் எழுதி வெளியிட்டவற்றைப் படித்து, அவற்றின் கருத்தை நம்மவர்க்கு விளங்குமாறு உரைத்தலும் ஆசிரியர் கடமையே ஆதலின், அதற்கு இசைந்தோம்.

யாம் எடுத்துக்கொண்ட பொருள் இது: மக்கள் ஐ.சி.யூ. என்று வழங்கும் தீவிர சிகிச்சைப் பிரிவில் உயிருக்குப் போராடிக் கிடக்கும் நோயாளியின் இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு இருத்தல் வேண்டும்? இது மருத்துவர்கள் தம்முள் ஆராயவேண்டிய செய்தி, நமக்கு இதனால் ஆவதென்ன என்று எண்ணற்க. அப்பிரிவின் வாயிலில் இரவும் பகலும் காத்து நிற்பவர் நாமே. "சர்க்கரை 170 இருக்கிறது என்கிறீர்களே, ஏன் 100க்கு இறக்கவில்லை?" என்று செவிலியரிடம் சினந்து கேட்பவரும் நாமே. "ஒருநாளும் சர்க்கரை நோய் இல்லாத எங்கள் அப்பாவுக்கு இன்சுலின் ஏன் போட்டீர்கள்?" என்று மருத்துவரோடு வழக்காடுபவரும் நாமே. இவ்விரண்டு வினாக்களுக்கும் தக்க விடை உண்டு. அவ்விடையை அறிந்தவர் குடும்பத்தில் ஒருவரேனும் இருப்பின், அந்நோயாளிக்கு அது பெருந்துணையாகும்.

முதற்கண் அந்நோயின் பெயரைப் பற்றி ஒரு சொல். நீரிழிவு என்பது தமிழ்ப் பெயர். இழிதல் என்பதற்கு இறங்குதல் என்பது பொருள். மலையினின்று அருவி இழிகின்றது என்று கூறுகின்றோம் அன்றோ? அதுபோலச் சிறுநீர் மிகுதியாக இறங்கும் நோயாதலின் நீரிழிவு எனப்பட்டது. அச்சிறுநீரில் இனிப்பு இருத்தலை நோக்கி மதுமேகம் என்றனர் வடநூலார். இவ்விரு பெயரிலும் இகழ்ச்சி என்னும் பொருள் சிறிதும் இல்லை. ஆனால் நம்மவருட் பலர், இழிவு என்னும் சொல்லைக் கேட்ட அளவிலே அதனை மானக்கேடாகக் கருதுபவர்போல இந்நோயை மறைக்கின்றனர். பெண் கொடுப்பாரும் கொள்வாரும் அறிந்தால் சம்பந்தம் தட்டிப்போகும் என்று தந்தையின் நோயை மகன் மறைக்கின்றான். மாமியாரின் ஊசியை மருமகள் அண்டை வீட்டாருக்குத் தெரியாமல் ஒளிக்கின்றாள். இவ்வாறு மறைப்பது எங்குச் சென்று முடிகின்றது என்பதைப் பின்னர்க் கூறுவாம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்த பெரிய ஆய்வொன்று 2023ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன்படி இந்திய நாட்டில் வயது வந்தோருள் 100க்கு 11 பேருக்கு மேல், அஃதாவது ஏறத்தாழ 10 கோடிப் பேர், நீரிழிவு உடையவர். நம் தமிழ்நாட்டிலோ 100க்கு 14 பேருக்கு மேல் உடையவர். 1948ஆம் ஆண்டில் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் பேராசிரியர் விசுவநாதன் அவர்கள் நீரிழிவுக்கென்று தனிப்பிரிவு தொடங்கியபோது, இது செல்வர்க்கே உரிய நோய் என்று பலரும் எண்ணினர். இன்று தறிக்குழியில் அமர்ந்திருப்பவருக்கும் உண்டு. நாமக்கல்லினின்று வடநாடு வரை லாரி ஓட்டுபவருக்கும் உண்டு. காடு கரை பார்ப்பவருக்கும் உண்டு. ஆதலின் விபத்தாலோ மாரடைப்பாலோ கிருமித் தொற்றாலோ தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுசெல்லப்படும் நம்மவருள் நீரிழிவுடையார் பலராக இருத்தல் இயல்பே.

நிற்க. நீரிழிவே இல்லாதவருக்கும் அங்கே சர்க்கரை ஏறுவது யாங்ஙனம்? உடல் பெரும் இடருக்கு உட்படும்போது, அதனை எதிர்த்து நிற்கும் பொருட்டு, அட்ரினலின், கார்ட்டிசால் முதலிய சுரப்புநீர்களை மிகுதியாக வெளிவிடுகின்றது. அவை கல்லீரலைத் தூண்டுகின்றன. கல்லீரலே சர்க்கரையை உண்டாக்கி இரத்தத்தில் விடவல்லது என்பதைப் பிரெஞ்சு நாட்டு அறிஞர் கிளாடு பெர்னார் 19ஆம் நூற்றாண்டிலேயே காட்டினார். அவ்வாறு வெளிவந்த சர்க்கரையை உடலின் தசைகள் ஏற்றுக்கொள்ளுதற்கு இன்சுலின் வேண்டும். ஆனால் அத்தகைய நேரத்தில் இன்சுலினின் ஏவலுக்குத் தசைகள் முன்போல் பணிவதில்லை. வரவு மிகுந்து செலவு குறைந்தால் களஞ்சியம் நிரம்புதல்போல, இரத்தத்தில் சர்க்கரை பெருகுகின்றது. நெடுஞ்சாலையில் அடிபட்டு வந்த 25 வயது இளைஞனுக்கும் 220, 250 என்று காட்டுவது இக்காரணத்தாலேயே. இடர் நீங்கியபின் அது பலருக்குத் தானே தணியும். ஆயினும் அவர்களுட் சிலருக்கு முன்பே அறியாமல் நீரிழிவு இருந்திருத்தலும் கூடும். மூன்று திங்கட் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. என்னும் சோதனை அதனை வெளிப்படுத்தும்.

இவ்வாறு ஏறிய சர்க்கரையை அப்படியே விடலாமோ எனின், விடலாகாது. சர்க்கரை மிகின் வெள்ளணுக்கள் கிருமியோடு போரிடும் ஆற்றல் குன்றும். புண் ஆறுதல் தாமதிக்கும். சிறுநீர் மிகுதியாய்ப் போய் உடல் வறளும். இதற்குத் தொலைவில் சான்று தேட வேண்டுவதில்லை. 2021ஆம் ஆண்டு கொரோனாப் பெருந்தொற்றின் இரண்டாம் அலையை நாம் எவரும் மறந்திலோம். மூச்சுக் கருவியில் இருந்த நோயாளிகளின் உயிரைக் காத்தது டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டிராய்டு மருந்து. அதன் பயனை 2020இல் இங்கிலாந்தில் நடந்த ஆய்வு ஐயமற நிறுவியது. ஆனால் அம்மருந்து சர்க்கரையை ஏற்றும் இயல்புடையது. முன்பே நீரிழிவு உடையவரிடத்தும், வேண்டா அளவில் ஸ்டிராய்டு கொண்டவரிடத்தும் சர்க்கரை கட்டுக்கடங்காது உயர்ந்தது. அந்நிலையில் மியூகர்மைகோசிஸ் என்னும் கருப்புப் பூஞ்சை மூக்கிலும் கண்ணிலும் பற்றியது. அவ்வாண்டு மே மாதத்தில் தமிழ்நாட்டரசு, அந்நோய் காணின் அரசுக்கு அறிவித்தே ஆகவேண்டும் என்று ஆணை பிறப்பித்தது. கொரோனாவினின்று பிழைத்தும் ஒரு கண்ணை இழந்து வீடு திரும்பியவர் உண்டு, திரும்பாதவரும் உண்டு. சர்க்கரையைக் கவனியாது விடின் வரும் கேட்டுக்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

அங்ஙனமாயின், நலமுள்ள மனிதருக்கு இருப்பதுபோலவே நோயாளிக்கும் 100 என்ற அளவில் நிறுத்திவிட்டால் என்ன? நாம் செவிலியரிடம் கேட்கும் வினா இதுவே. மருத்துவ உலகமும் இவ்வினாவைக் கேட்டு, விடை காண 20 ஆண்டுகளுக்கு மேல் உழைத்தது. அவ்வரலாறு நாம் அறியத்தக்கது.

இன்சுலின் 1921இல் கனடா நாட்டின் டொராண்டோ நகரில் பேண்டிங், பெஸ்ட் என்னும் இருவரால் பிரித்தெடுக்கப்பட்டு, 1922 சனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதல் செலுத்தப்பட்டது. அதன்பின் பல பத்தாண்டுகள் வரை, தீவிர சிகிச்சை நோயாளிக்குச் சர்க்கரை 200 வரை இருப்பின் மருத்துவர்கள் அதனைப் பெரிதாகக் கொள்ளவில்லை. பெல்ஜியம் நாட்டின் லூவன் நகரில் கிரேட் வான் டென் பெர்க் என்னும் மருத்துவ அம்மையார் இதனை ஆராய முற்பட்டார். அறுவைச் சிகிச்சைக்குப்பின் மூச்சுக் கருவியில் இருந்த 1548 நோயாளிகளை, சீட்டுக் குலுக்கி எடுப்பதுபோல, இரு கூறாகப் பிரித்தார். ஒரு கூற்றாருக்கு, இன்சுலினை இடைவிடாது செலுத்தி, 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 முதல் 110 மில்லிகிராம் வரையே சர்க்கரை இருக்குமாறு காத்தனர். மற்றைக் கூற்றாருக்கு 215க்கு மேற்சென்றால் மட்டுமே இன்சுலின் கொடுத்து, 180 முதல் 200 வரை நிறுத்தினர். 2001இல் முடிவு வெளிவந்தது. பழைய முறையில் இருந்த 783 பேருள் 63 பேர் அப்பிரிவிலேயே இறந்தனர். புதிய முறையில் இருந்த 765 பேருள் இறந்தவர் 35 பேரே. உலகம் வியந்தது. பல நாடுகளின் மருத்துவமனைகள் இம்முறையை மேற்கொண்டன.

ஆயினும் ஓரிடத்தில் கண்டது எவ்விடத்தும் பொருந்துமோ என்னும் ஐயம் அறிஞர் சிலரை விட்டு நீங்கவில்லை. அதே லூவன் நகரில், அறுவைச் சிகிச்சை அல்லாத பிற நோய்களால் வந்த 1200 பேரிடத்து அவ்வம்மையாரே மீண்டும் ஆராய்ந்தார். 2006இல் வெளிவந்த அம்முடிவில், மொத்த நோயாளிகளை நோக்குமிடத்து, இறப்பு உறுதியாகக் குறைந்தது என்று சொல்லக்கூடவில்லை. பின்னர் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா முதலிய நாடுகளின் 42 மருத்துவமனைகள் ஒன்றுகூடி, 6104 நோயாளிகளைக் கொண்டு நைஸ்-சுகர் என்னும் பெயரால் பேராய்வு ஒன்று நடத்தின. ஒரு கூற்றாருக்கு 81 முதல் 108 வரை. மற்றைக் கூற்றாருக்கு 180 அல்லது அதற்குக் கீழ். 2009இல் முடிவு வெளிவந்தது. 90 நாளுக்குள், கடுமையாகக் குறைக்கப்பட்ட கூற்றில் 829 பேர் இறந்தனர். 180 வரை விடப்பட்ட கூற்றில் இறந்தவர் 751 பேர். இரு கூற்றிலும் கணக்கில் வந்தவர் மூவாயிரத்துக்குச் சற்று மேலாவர். அஃதாவது, நன்மை என்று கருதிச் செய்த செயலால் 78 பேர் மிகுதியாக இறந்தனர். சர்க்கரை 40க்கு இறங்கும் கொடிய தாழ்வு முதற்கூற்றில் 206 பேருக்கும், மற்றதில் 15 பேருக்கும் நேர்ந்தது.

அன்பர்களே! இவ்விடத்துச் சற்றே நின்று எண்ணுக. அம்மருத்துவர்கள் எவரும் தீயர் அல்லர், அறியாதாரும் அல்லர். முன்னர்க் கிடைத்த நற்சான்றை நம்பியே நோயாளிக்கு நலம் செய்ய முயன்றனர். ஆயினும் அந்நலத்தினை மீண்டும் அளந்து பார்த்தனர். மாறாகக் கண்டதும் மறைக்காமல் உலகறிய வெளியிட்டனர். கண்டதைக் கண்டவாறு கூறும் இவ்வொழுக்கமே அறிவியலுக்கு உயிர்நாடி.

முதலாய்வும் பின்னாய்வும் இங்ஙனம் முரணியது ஏன் என்று நீங்கள் வினவலாம். லூவனில் முதலில் ஆராயப்பட்டவருட் பெரும்பாலோர் நெஞ்சக அறுவை செய்துகொண்டவர்; அவர்களுக்கு நாளத்தின் வழியே குளுக்கோசும் ஊட்டப்பொருளும் தொடக்கத்திலேயே மிகுதியாக ஏற்றப்பட்டன. ஒரு கையால் சர்க்கரையை ஏற்றி மறு கையால் இறக்கும்போது இன்சுலினின் பயன் பெரிதாகத் தோன்றியது எனலாம். அவ்வாறு நாளத்தின் வழியே முற்பட ஊட்டாத 9230 நோயாளிகளைக் கொண்டு, மிக நுட்பமான கணிப்பு முறையுடன் பெல்ஜியத்தில் நடந்த மற்றோர் ஆய்வு 2023இல் வெளிவந்தது. அதில் கடுமையாகக் குறைத்தவர்க்கும் தளர்த்தி விட்டவர்க்கும் இடையே இறப்பில் வேற்றுமை காணப்படவில்லை. இவை அனைத்தையும் கூட்டி நோக்கியே, இன்று பெரும்பாலான தீவிர சிகிச்சை நோயாளிகளுக்குச் சர்க்கரை 180ஐத் தொடும்போது இன்சுலின் தொடங்கி, 140க்கும் 180க்கும் இடையே நிறுத்துக என்று மருத்துவச் சங்கங்கள் நெறி வகுத்துள்ளன. ஆதலின், "170 இருக்கிறதே" என்று நாம் அஞ்சுவது, மருத்துவர் வேண்டுமென்றே நிறுத்திவைத்த அளவைக் கண்டே அஞ்சுவதாகும்.

சர்க்கரை தாழ்தல் ஏன் அத்துணைக் கொடிது? மூளை தன் இயக்கத்துக்குப் பெரிதும் சர்க்கரையையே நம்பியுள்ளது. அதனைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் களஞ்சியம் அதற்கு இல்லை எனலாம். நலமாக நடமாடும் ஒருவருக்குச் சர்க்கரை தாழ்ந்தால் வியர்க்கும், கை நடுங்கும், பசிக்கும், சொல் தடுமாறும். உடனே பக்கத்திலுள்ளோரிடம் கூறுவார். மூச்சுக் கருவியில், உறக்க மருந்தின் மயக்கத்தில் கிடப்பவர் யாரிடம் கூறுவார்? வியர்வையும் நடுக்கமும் மருந்துகளால் மறைந்துபோம். ஆதலின் இன்சுலின் ஓடும்போது ஒன்றிரண்டு மணிக்கு ஒருமுறை இரத்தம் எடுத்துப் பார்க்கின்றனர். அதனைக் கண்டு, "குத்திக் குத்தியே கொல்கிறார்கள்" என்று புலம்பற்க. அவர்கள் குத்துவது காத்தற்பொருட்டே. இரத்த ஓட்டம் குன்றிய நோயாளியின் விரல்நுனியில் எடுத்த அளவு பிழைபடுவதும் உண்டு. அது கருதியே சில வேளை தமனியினின்று இரத்தம் எடுத்துச் சோதிக்கின்றனர்.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் முதற்பாட்டு, மிகுதலும் குறைதலும் ஆகிய இரண்டுமே நோய்க்குக் காரணம் என்னும் கருத்துடையது. அது வளி முதலிய மூன்றைக் குறித்துக் கூறியதேயன்றிச் சர்க்கரையைக் குறித்ததன்று. ஆதலின் எல்லாம் நம் முன்னோர் அன்றே அறிந்தனர் என்று யாம் பெருமை பேச விரும்பவில்லை. எனினும், அளவே மருந்து என்னும் அவ்வுணர்ச்சி நமக்குப் புதிதன்று என்பதை மட்டும் நினைவூட்டுகின்றோம்.

இனி நாம் செய்யத்தக்கவற்றைக் கூறுவாம்.

முதலாவது, மறையாதிருத்தல். நோயாளியைச் சேர்க்கும்போது மருத்துவர், "சர்க்கரை உண்டா? என்ன மாத்திரை?" என்று கேட்பர். உறவினர் பலர் சூழ்ந்து நிற்கின்றனரே என்று நாணி, இல்லை என்று கூறற்க. கிளிமெபிரைடு போன்ற மாத்திரைகள் உட்கொண்டபின் நெடுநேரம் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். சிறுநீரகம் கெட்டவரிடத்து இன்னும் நீளும். மெட்ஃபார்மின் என்பது சிறுநீரகம் செயலிழந்த நிலையில் உடலில் தேங்கித் தீங்கு செய்தல் கூடும். இவற்றை உட்கொண்டது தெரியாமல் மருத்துவர் இன்சுலின் கணக்கிடுவது, ஏற்கெனவே பாரம் ஏற்றிய வண்டியில் எடை பாராது மேலும் ஏற்றுவதை ஒக்கும். சம்பந்தத்தின் பொருட்டு மறைத்த நோய், சம்பந்தியின் முன்னிலையிலேயே உயிரைக் கொண்டுபோதல் எத்துணைக் கொடுமை!

இரண்டாவது, வீட்டினின்று உணவு கொண்டுபோய் மறைவாக ஊட்டாதிருத்தல். நம் ஆத்தூர், இராசிபுரம் பக்கங்களில் மரவள்ளிக் கிழங்கும் சேகோ ஆலையும் மிகுதி. நோயாளி என்றதும் நம் தாய்மார்க்கு முதலில் நினைவுக்கு வருவது ஜவ்வரிசிக் கஞ்சியே. அன்பினால் கொடுப்பதே எனினும், அது முழுதும் மாவுப்பொருள். விரைவில் சர்க்கரையாக மாறுவது. நோயாளிக்கு ஊட்டும் ஒவ்வொரு கரண்டியும் இன்சுலின் கணக்கில் சேர்ந்தது. ஒளித்து ஊட்டினால் சர்க்கரை ஏறும்; ஏறியதைக் கண்டு இன்சுலினைக் கூட்டுவர்; மறுவேளை நீங்கள் ஊட்டாவிடின் அக்கூட்டிய இன்சுலினே அவரைத் தாழ்வில் தள்ளும். இளநீரும் பழச்சாறும் இவ்வாறே. கொடுக்க விரும்பின் கேட்டுக் கொடுக்க.

மூன்றாவது, வீட்டில் உள்ள முதியோரைக் கவனித்தல். தாழ்சர்க்கரை மருத்துவமனைக்கே உரியதன்று. ஆடி அமாவாசை, ஏகாதசி முதலிய நாட்களில் மாத்திரையையோ ஊசியையோ போட்டுக்கொண்டு, உணவை மட்டும் விட்டு விரதமிருக்கும் பெரியோர் நம்முள் பலர். விரதம் இருக்க விரும்புவோர் மருந்தின் அளவை முன்னரே மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுதல் வேண்டும். வியர்த்துத் தடுமாறினால், நினைவிருக்கும்போதே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்திற்குப் பின் மீண்டும் பார்க்க. நினைவிழந்தவர் வாயில் எதனையும் ஊற்றற்க. அது மூச்சுக்குழலில் இறங்கி உயிருக்கு உலைவைக்கும். உடனே 108க்குச் சொல்லுக. சேலத்தில் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நெடுங்காலமாக உண்டு. 2022 சனவரியில் நாமக்கல்லிலும் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. முன்போல் தொலைவைக் காரணம் காட்டிக் காலம் தாழ்த்த வேண்டுவதில்லை.

இவற்றோடு நம் சங்கத்தாரிடமும் இரண்டு வேண்டுகோள் விடுக்கின்றோம். ஒன்று: ஓர் அஞ்சலட்டை அளவில் அட்டை அச்சிட்டு உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் அளித்தல் நன்று. அதில் பெயர், வயது, நோய், உட்கொள்ளும் மருந்தும் அளவும், ஒவ்வாத மருந்து, வீட்டார் தொலைபேசி எண் ஆகியவை இருக்கட்டும். சட்டைப்பையிலோ பணப்பையிலோ அது எப்போதும் இருக்கட்டும். தொலைவழி லாரி ஓட்டும் நம் இளைஞர்க்கு அது இன்னும் இன்றியமையாதது. மொழி தெரியாத ஊரில் நினைவிழந்து கிடக்கும்போது அவ்வட்டையே அவர்களுக்காகப் பேசும். அதனை ஆங்கிலத்திலும் எழுதி வைத்தல் நலம். மற்றொன்று: 30 வயதுக்கு மேற்பட்டோர்க்கு ஆண்டுக்கு ஒருமுறையேனும் நம் சங்கக் கட்டடத்தில் சர்க்கரை பார்க்கும் முகாம் நடத்துதல். முன்பே அறிந்த நோய் பாதி அடங்கிய நோய்.

இன்னும் ஒன்று உளது. அதனைச் சட்டத்தாலோ தீர்மானத்தாலோ செய்யக்கூடவில்லை. நம் மனத்தாலேயே செய்தல் வேண்டும். பெண் பார்க்கச் செல்லுமிடத்து, "அவர்கள் வீட்டில் சர்க்கரை உண்டாமே" என்று இழித்துப் பேசும் வழக்கத்தை இன்றோடு விடுவோமாக. நூற்றுக்குப் பதினால்வர் உடைய நோயை எவர் வீட்டுக் குறையென்று சுட்டுவது? இழித்துப் பேசுவார் உள்ளவரை மறைப்பாரும் இருப்பர். மறைப்பார் உள்ளவரை, மருத்துவர் இருளில் துழாவியே மருந்து கொடுக்க நேரும். நம் குலத்தின் மானம் நோயை ஒளிப்பதில் இல்லை. நோயுற்றாரைக் காப்பதில் உள்ளது.

பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதுபோல எண்களை அடுக்கிக் கூறினோம். எண்கள் மறந்தாலும் கருத்து மறவாதிருக்க: கேட்குமிடத்து மெய் சொல்லுக, சொல்லாமல் ஊட்டற்க, அளவை மருத்துவரிடம் விடுக.